செப்டம்பர் 16: ஒரே தேதியில் எத்தனை குரல்கள்!

தினசரி காலண்டரில் செப்டம்பர் 16-ம் தேதித் தாளைக் கிழிக்கும்போது ராகு காலமும் எமகண்டமும்தான் முதலில் கண்ணில் படும். ஆவணி முடியப்போகிறது, புரட்டாசி சனிக்கிழமைக்குத் தளிகை போட வேண்டும், மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் அன்றைய நினைப்பாக இருக்கும். ஆனால், சங்கீத உலகத்தின் காலண்டரில் இந்தத் தாள் கொஞ்சம் கனமானது. மதுரையில் ஒரு குரலும், அமெரிக்கப் பருத்திக்காட்டில் ஒரு குரலும் பிறந்த தேதி இது. பாரிஸில் ஒரு குரல் அடங்கியதும், சிலி நாட்டில் ஒரு குரல் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே தேதியில்தான்.

முதலில் நம்ம ஊர்க் குரல்.

மண்ணில் விளையாடிய குஞ்சம்மா

1916 செப்டம்பர் 16. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே ஒரு சிறிய வீடு. வீணைக் கலைஞர் சண்முகவடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சுப்புலட்சுமி, வீட்டில் கூப்பிடுவது குஞ்சம்மா. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அண்ணன் சக்திவேலுக்கு மிருதங்கம், தங்கை வடிவாம்பாளுக்கு வீணை. அந்த வீட்டில் பேச்சைவிடப் பாட்டுச் சத்தம்தான் அதிகம்.

எம்.எஸ்.ஸின் முதல் மேடை எது தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சேதுபதி பள்ளியில் அம்மா வீணை வாசித்துக்கொண்டிருந்தார். தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை யாரோ தூக்கிவந்து, கையைக் கழுவி, பாவாடையை மாற்றி, மேடையில் உட்கார வைத்தார்கள். அம்மா சொல்ல, ஓரிரு பாட்டுப் பாடியது குழந்தை. பாடி முடித்ததும் மறுபடி மண் விளையாட்டுக்கே ஓடிவிட்டது. பிற்காலத்தில் எம்.எஸ்.ஸே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. பத்து வயதை ஒட்டி இசைத்தட்டும் வந்துவிட்டது.

இதுவரை இனிமையான கதைதான். ஆனால், எம்.எஸ். பிறந்தது தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்த நாளில் இப்படிப்பட்ட வீடுகளில் பெண் குழந்தைக்கு நல்ல பாட்டு சொல்லித் தருவார்கள். சபையில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். யாரோடு வாழ்வது என்பதை மட்டும் அவளிடம் கேட்க மாட்டார்கள். வசதியான ஒருவரின் ஆதரவில் மகள் இருக்க வேண்டும் என்று தாய் நினைத்தது கொடுமைக்காக அல்ல. அதைத் தவிர வேறு பாதுகாப்பை அந்தத் தாயும் கண்டதில்லை. மகளுக்கு அது வேண்டாம். 1936-ல், இருபது வயதைத் தொடும் நேரத்தில், மதுரையிலிருந்து ரயிலேறி மெட்ராஸ் வந்துவிட்டார். மேடையில் உரக்கப் பேசக்கூடக் கூச்சப்பட்டவர் அவர். எம்.எஸ். என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நீலப் பட்டுப்புடவையும் வைர மூக்குத்தியும். அந்த ரயில் பயணம் ஞாபகம் வருவதில்லை. அன்று அவர் ரயிலேறாமல் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய எம்.எஸ். வேறு ஒருவராக இருந்திருப்பார்.

மெட்ராஸில் அடைக்கலம் தந்தவர் சுதந்திரப் போராட்ட வீரரும் பத்திரிகை உலகைச் சேர்ந்தவருமான டி.சதாசிவம். 1940-ல் இருவருக்கும் திருநீர்மலையில் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டே 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதர் வேடம் போட்டார். ஆண் வேடம் அவருக்கு அவ்வளவு இஷ்டமில்லை. ஆனால், சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் புதிய வார இதழ் தொடங்கப் பணம் வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் 'கல்கி' பிறந்தது. பின்னாளில் 'பொன்னியின் செல்வ'னுக்காக வாரா வாரம் காத்திருந்த தலைமுறைகளில் எத்தனை பேருக்கு, அந்தப் பத்திரிகையின் முதலீடு ஒரு பாடகி போட்ட நாரதர் வேஷம் என்று தெரியும்?

'சதாசிவம் இல்லாவிட்டால் எம்.எஸ். இல்லை' என்பவர்கள் உண்டு. 'எதைப் பாட வேண்டும், எங்கே பாட வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்து அந்தக் குரலை ஒரு சட்டத்துக்குள் வைத்துவிட்டார்' என்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எம்.எஸ். இதுபற்றி வெளியில் ஒரு வார்த்தை புகார் சொன்னதில்லை. 1997-ல் சதாசிவம் மறைந்ததும் மேடைக் கச்சேரியை நிறுத்திவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் சொல்வது என்பதை அவரவரிடமே விட்டுவிடலாம்.

1945-ல் தமிழில் வந்த 'மீரா' படம், அடுத்து இந்தியிலும் வந்து அவரை வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1963-ல் வெங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது. 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடினார். காஞ்சிப் பெரியவர் அதற்காகவே சமஸ்கிருதத்தில் இயற்றித் தந்த உலக அமைதிப் பாடல் அங்கே ஒலித்தது. 1968-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1974-ல் மகசேசே விருது கிடைத்தது, பொதுச் சேவைக்காக! கஸ்தூர்பா நினைவு நிதியில் தொடங்கி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று கச்சேரி கச்சேரியாகப் பாடி நிதி திரட்டிக் கொடுத்ததற்கு அந்த மரியாதை. சுப்ரபாத இசைத்தட்டின் ராயல்டியும் திருப்பதி தேவஸ்தானத்துக்குத்தான் போனது. 1998-ல் பாரத ரத்னா. இசைக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2004 டிசம்பர் 11-ல் மறைந்தார். ஆனால், விடிகாலை டீக்கடையில் பாய்லர் கொதிக்கும்போது ஒலிக்கும் குரல் இன்றும் அவருடையதுதான்.

எரியும் கூடத்துக்குள் ஓடியவர்

எம்.எஸ். பிறந்து சரியாக ஒன்பது வருடம் கழித்து, 1925 செப்டம்பர் 16-ல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றில் ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்தது. ரைலி கிங் என்று பெயர். வாரத்துக்கு நிலம் உழுத குடும்பம். அப்பா பிரிந்துபோனார்; சின்ன வயதிலேயே அம்மாவும் போய்ச்சேர்ந்தார். பையன் பருத்தி பறித்தான், டிராக்டர் ஓட்டினான், சர்ச்சில் பாடினான். பிறகு மெம்பிஸ் நகருக்கு வந்து வானொலியில் பாட்டுப் போடும் வேலையில் சேர்ந்தான். அங்கே 'ப்ளூஸ் பாய்' என்று கூப்பிட்டார்கள். அதன் சுருக்கம்தான் பி.பி.கிங்.

ப்ளூஸ் என்பது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், வயல்காட்டில் வேலைப் பாட்டாகவும் சர்ச்சில் பக்திப் பாட்டாகவும் பாடிப் பாடி உருவான இசை. நம் ஊரில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் கலந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்டப் புரிந்துவிடும். பி.பி.கிங் கிடாரில் ஸ்வரத்தை அப்படியே விட்டுவிட மாட்டார். தந்தியை இழுத்து, நடுங்கவிட்டு, பாடவைப்பார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அவருடைய கிடாருக்கு ஒரு பெயர் உண்டு: லூசில். 1949 குளிர்காலத்தில் ஆர்கன்ஸா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் நடனக் கூடம் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுக்கூடத்தில் பீப்பாயில் மண்ணெண்ணெய் எரியவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் அடிதடியில் இறங்கி அதைத் தட்டிவிட, கூடம் பற்றிக்கொண்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். கிங்கும் ஓடினார். வெளியே வந்த பிறகுதான் கிடார் உள்ளேயே இருப்பது ஞாபகம் வந்தது. எரியும் கட்டடத்துக்குள் திரும்பப் புகுந்து அதை எடுத்துவந்தார். உயிர் தப்பியதே பெரிய விஷயம். அந்த இருவரும் லூசில் என்ற பெண்ணுக்காகத்தான் சண்டை போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கொள்ள, கிடாருக்கு லூசில் என்று பெயர் வைத்தார். அதன் பிறகு வாங்கிய கிடார்களுக்கும் அதே பெயர்தான்.

1956-ம் வருடத்தில் மட்டும் அவர் 342 கச்சேரிகள் செய்ததாகக் கணக்கு இருக்கிறது. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஓட்டல்களும் உணவகங்களும் நிறைந்த காலம் அது. அந்த ஊர்கள் வழியாகத்தான் பஸ்ஸில் போய் வாசித்துவிட்டு வந்தார். 1970-ல் சிகாகோவின் குக் கவுன்ட்டி சிறைக்குள் போய்க் கைதிகளுக்காக வாசித்தார். அந்த நிகழ்ச்சி இசைத்தட்டாகவும் வந்தது. கடைசி வருடங்களில் சர்க்கரை நோய் வாட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே லூசிலை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். 2015 மே மாதம், 89 வயதில் மறையும்வரை ஓய்வு என்று ஒன்றை அவர் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டீச்சரம்மாவுக்கும் இன்றுதான் பிறந்தநாள்

தான் மேடையில் புகழடையாமல், புகழடைந்தவர்களை உருவாக்கிய ஒருவரும் இந்தத் தேதியில் பிறந்திருக்கிறார். நாடியா பூலான்ஜே, 1887, பாரிஸ். அவரும் தங்கை லில்லியும் இசையமைப்பாளர்கள். பிரெஞ்சு அரசின் புகழ்பெற்ற ரோம் பரிசை இசையமைப்புக்காக 1913-ல் வென்ற முதல் பெண் லில்லி. ஐந்தே வருடத்தில், 24 வயதில் லில்லி இறந்துபோனார். அதற்குப் பிறகு சில வருடங்களில் நாடியா சொந்தமாக இசையமைப்பதையே விட்டுவிட்டார். சொல்லித்தருவதுதான் இனி வேலை என்று உட்கார்ந்துவிட்டார். 92 வயதுவரை சொல்லித்தந்தார்!

யார் யார் அவரிடம் படித்தார்கள் என்ற பட்டியல் மலைப்பாக இருக்கும். ஆரோன் கோப்லாண்ட், மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ், பிறகு காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையை 'சத்யாகிரஹா' என்று ஓபராவாக்கிய ஃபிலிப் கிளாஸ். அர்ஜென்டினாவிலிருந்து வந்த அஸ்தோர் பியாசோலாவின் கதைதான் இதில் சுவாரசியம். தெருமுனை டாங்கோ வாசித்துப் பிழைத்தவன் என்று சொல்ல வெட்கப்பட்டு, தடிமனான சிம்பொனித் தாள்களை டீச்சர் முன்னால் வைத்தார். டீச்சர் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, உன்னை மட்டும் காணோமே என்கிற மாதிரி கேட்டார். வற்புறுத்தி ஒரு டாங்கோவை வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு, இதுதான் நீ, இதை விட்டுவிடாதே என்றார். டாங்கோ என்ற நடன இசையை உலகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர் என்று பியாசோலா பெயர் வாங்கியது அதற்குப் பிறகுதான். பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கதை.

மணி அடித்த பாதிரியாரும், பிறந்தநாளில் கிடைத்த நாடும்

சங்கீதம் தவிர்த்தும் இந்தத் தேதியில் செய்திகள் உண்டு. 1810 செப்டம்பர் 16 விடியற்காலை, மெக்சிகோவில் டொலோரெஸ் என்ற ஊரில் மிகுவல் இதால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை அடித்து ஜனங்களைக் கூட்டினார். வந்தவர்களிடம் பூஜையைப் பற்றிப் பேசவில்லை. ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் கிளம்புங்கள் என்றார். மறுவருடமே அவரைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். சுதந்திரம் வர 1821 ஆகிவிட்டது. ஆனாலும் மெக்சிகோ தன் சுதந்திர நாளாகக் கொண்டாடுவது, சுதந்திரம் கிடைத்த தேதியை அல்ல, குரல் கொடுத்த தேதியைத்தான். அந்த மணி இப்போது தலைநகரில் தேசிய மாளிகையின் முகப்பில் தொங்குகிறது. ஒவ்வொரு வருடமும் முந்தின நாள் இரவு நாட்டின் அதிபரே அதை அடிக்கிறார்.

1963-ல் இதே நாளில் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் சேர்ந்து மலேசியா உருவானது. ஆகஸ்ட் 31-க்கே நடந்திருக்க வேண்டியது, ஐ.நா. குழுவின் அறிக்கைக்காகத் தள்ளிப்போய் செப்டம்பர் 16-ல் வந்து நின்றது. சிங்கப்பூரின் பிரதமர் லீ குவான் யூவுக்கு அன்று நாற்பதாவது பிறந்தநாள்! ஆனால், அந்தச் சேர்க்கை இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் தனியானபோது, தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த லீ அழுதுவிட்டார். ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் அரசியல் செய்தி இல்லை. அண்ணன் ஈப்போவில், தம்பி சிங்கப்பூரில் என்று இருந்தவர்கள் திடீரென்று இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பிரிந்த சிங்கப்பூரில் தமிழும் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தொடர்ந்தது. மலேசியாவில் 2010 முதல் செப்டம்பர் 16 பொது விடுமுறை.

1987-ல் இதே தேதியில் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் நம் சமையலறை வரைக்கும் வந்த விஷயம். பழைய ஃப்ரிட்ஜிலும் ஏ.சி.யிலும் இருந்த வாயு ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் படிப்படியாக ஒழிக்க நாடுகள் ஒப்புக்கொண்ட நாள். ஐ.நா.வில் உள்ள எல்லா நாடுகளும் ஏற்ற ஒப்பந்தம் அது. எல்லா நாடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு மறைவுகள்

மரியா காலாஸ், நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஓபரா உலகில் அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரித்துப் பேசுவார்கள். 1958 ஜனவரியில் ரோமில், இத்தாலியின் ஜனாதிபதியே வந்து உட்கார்ந்திருந்த நிகழ்ச்சியில், தொண்டை ஒத்துழைக்காமல் முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டார். பத்திரிகைகள் கிழித்தெடுத்துவிட்டன. திமிர் பிடித்தவள் என்றார்கள். உடம்பு முடியவில்லை என்று ஒரு பாடகி சொன்னால் நம்புவதற்கு அன்று ஆள் இல்லை. குரல் மெல்ல மெல்ல அவரைவிட்டுப் போனது. 1974-ல் ஜப்பானில் கடைசியாக மேடையேறினார். 1977 செப்டம்பர் 16-ல் பாரிஸ் வீட்டில் மாரடைப்பால் இறந்தபோது வயது 53 மட்டுமே. அதே நாளில் லண்டனில் ராக் பாடகர் மார்க் போலன் கார் விபத்தில் இறந்தார். முப்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

காலாஸுக்கு நான்கு வருடம் முன்னால் நடந்தது இதைவிடக் கனமானது.

சிலி நாட்டின் விக்டர் ஹாரா ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அம்மா அமாண்டா கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கிடார் இசைத்துப் பாடியவர். சண்முகவடிவைப் போல, பிள்ளைக்கு முதல் குருவும் அவர்தான். ஹாராவின் மிகப் பிரபலமான காதல் பாட்டில் வரும் ஜோடிக்கு அம்மா அப்பாவின் பெயரான அமாண்டா, மானுவல் என்பதையே வைத்தார். நாடக இயக்குநராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் ஆனார். தொழிலாளர், குடிசைவாசிகள் பற்றிப் பாட்டுக் கட்டினார். அதிபர் சால்வடோர் அயெந்தேவின் தேர்தலுக்காக ஊர் ஊராகப் பாடினார்.

1973 செப்டம்பர் 11-ல் பினோசெட் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று பல்கலைக்கழகத்தில் பாடுவதாக இருந்த ஹாராவை, மறுநாள் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்த்துப் பிடித்து, ஆயிரக்கணக்கானவர்கள் அடைக்கப்பட்டிருந்த விளையாட்டு அரங்குக்குக் கொண்டுபோனார்கள். ஓர் அதிகாரி அவரை அடையாளம் கண்டுகொண்டார். கிடார் வாசித்த கைகளை அடித்து நொறுக்கினார்கள். அந்த நிலையிலும் துண்டுக் காகிதத்தில் ஒரு கவிதை எழுதினார். கூட இருந்த கைதிகள் அதை மறைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். செப்டம்பர் 16-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடம்பில் 40-க்கும் மேற்பட்ட குண்டுகள். நாற்பத்தியொரு வயது ஆவதற்குச் சில நாட்களே இருந்தன.

மனைவி ஜோன், இங்கிலாந்தில் பிறந்த நடனக் கலைஞர். பிணவறையில் குவிந்து கிடந்த சடலங்களுக்கு நடுவே கணவரை அடையாளம் காட்டியவர் அவர்தான். கூட்டம் இல்லை, பாட்டு இல்லை. இரண்டு பேர் துணையோடு அவசரமாக அடக்கம் செய்தார். பிறகு இரண்டு மகள்களோடு நாட்டைவிட்டு வெளியேறியபோது கணவரின் ஒலிப்பதிவுகளையும் கடத்திச் சென்றார். உள்ளூரில் தடை செய்யப்பட்ட குரல், அந்த ஒலிப்பதிவுகளின் வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஜோன் அத்தோடு நிற்கவில்லை. வழக்கு, மனு, சாட்சி என்று அரை நூற்றாண்டு அலைந்தார். 2003-ல் அந்த அரங்குக்கே விக்டர் ஹாரா பெயரை வைத்தார்கள். 2009 டிசம்பரில், தோண்டியெடுத்து ஆய்வு செய்யப்பட்ட உடல் மறுபடி அடக்கமானபோது ஆயிரக்கணக்கானோர் கூட வந்தார்கள். ஹாராவைச் சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட முன்னாள் ராணுவ அதிகாரி பெத்ரோ பாரியன்டோஸ் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் குடியேறி நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 2016-ல் அங்கேயே ஒரு நீதிமன்றத்தில் ஜூரிகள் அவரைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தார்கள். 2023 ஆகஸ்டில், சிலியின் உச்ச நீதிமன்றம் மற்ற ஓய்வுபெற்ற அதிகாரிகளின் தண்டனையை உறுதி செய்தது. கொலை நடந்து 50 வருடம் ஆகியிருந்தது.

அந்த நவம்பரில் ஜோன் 96 வயதில் இறந்தார். பாரியன்டோஸை அமெரிக்கா நாடு கடத்தி சிலி போலீஸிடம் ஒப்படைத்தது, அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான்.